கப்பித் தொட்டியில் மரபியல்: பண்புகள் தலைமுறை தாண்டும் விதத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முழு வழிகாட்டி

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் ‘ஆல்பினோ ஃபுல் ரெட்’ என்ற சிவப்புக் கண் கப்பி மீன் வாங்கிப் போய், அந்த ஆணை வீட்டுத் தொட்டியில் இருக்கும் சாதாரணக் கருங்கண் பெண்ணோடு விட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம். பிறக்கிற குஞ்சு அத்தனைக்கும் கண் கறுப்பாகவே இருக்கும். சிவப்புக் கண் தொலைந்தே போய்விட்டது, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று குஞ்சுகளைத் தூக்கி யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் குஞ்சு ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்புக் கண்ணுக்கான மரபணு அப்படியே இருக்கிறது. அடுத்த தலைமுறையில் அது வெளியே வரும். நூற்றுக்கு எத்தனை குஞ்சில் வரும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

அந்தக் கணக்கைப் போடவும் தொட்டியில் சரிபார்க்கவும் முதல் கலப்பிலிருந்து ஐந்தாறு மாதம் போதும். பிளஸ் டூ உயிரியலில் பட்டாணிச் செடியை வைத்துப் படிப்பதையெல்லாம் கப்பியில் கண்ணால் பார்த்துவிடலாம். மாதம் ஒரு முறை குட்டி போடும், மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும், சென்னை வெயிலுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

தேவையானவை

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி நான்கு. விளிம்பு வரை நிரப்பினால் ஒவ்வொன்றும் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். குட்டி போடும் பெண்களைத் தனித்தனியே விட 15 முதல் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஐந்தாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், எல்லாவற்றுக்கும் காற்று தர ஒரு ஏர் பம்ப். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், ஒரு நோட்டு. குஞ்சுகள் ஒளிய ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி தாராளமாக வேண்டும்.

மெட்ரோ வாட்டரை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் போக ஒரு நாள் முழுக்கக் காற்றேற்றி வைக்க வேண்டும். போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கப்பிக்கு அது பிடிக்கும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டி 32 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆக்சிஜன் குறைந்து, ஆண்களின் இனப்பெருக்கத் திறனும் மந்தமாகும். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். முடிந்தால் ஆடிக்கு அப்புறம் தொடங்குங்கள்.

படி 1: ஒரே ஒரு பண்பைத் தேர்ந்தெடுங்கள்

வால் அகலம், உடல் பருமன் போன்றவற்றைத் தொடாதீர்கள். அவற்றுக்குப் பின்னால் பல மரபணுக்கள் இருக்கின்றன. தீனியும் வெப்பமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். உடலின் வண்ணத்தையும் இப்போதைக்கு விடுங்கள். கப்பியில் பல வண்ணங்கள் ஆணில் மட்டுமே தெரியும், பெண் அதே மரபணுவைச் சுமந்தாலும் வெளிறியே இருக்கும்.

சிவப்புக் கண் அப்படியல்ல. பிறந்த அன்றே தெரியும், ஆண் பெண் இரண்டிலும் தெரியும், நடுவாந்தர நிலை கிடையாது. சந்தேகம் வந்தால் குஞ்சை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆல்பினோவின் கண் மாதுளை முத்துபோல ஒளிரும். மற்றது கரும்புள்ளியாக நிற்கும்.

படி 2: கன்னிப் பெண் மீன்

பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த இடத்தில்தான். கடையில் பெரிதாகக் கிடைக்கும் பெண் கப்பி கிட்டத்தட்ட எல்லாமே ஏற்கெனவே ஆணோடு சேர்ந்தவை. ஒரு முறை பெற்ற விந்தணுவைப் பெண் கப்பி பல மாதம் உடலுக்குள் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்து குட்டி போடும். எனவே நீங்கள் இன்று விடும் ஆண்தான் தகப்பன் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போதாததற்கு, ஒரே ஈற்றில் இரண்டு மூன்று ஆண்களின் குஞ்சுகள் கலந்து பிறப்பதும் சகஜம்.

ஆகவே இரண்டு வாரத்துக்குள்ளான குஞ்சுகளாக வாங்குங்கள், அல்லது வீட்டிலேயே பிறந்ததை எடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் இருக்கும் மலத்துளைத் துடுப்பைக் கவனியுங்கள். பெண்ணுக்கு அது விசிறிபோல முக்கோணமாகவே இருக்கும். ஆணுக்கு மெல்லக் குறுகி, குச்சிபோல நீண்டு பின்பக்கம் சாயும். பெண்ணுக்கு வயிற்றின் பின்பகுதியில் கரும்புள்ளி தெரியும் என்பார்கள். ஆல்பினோவில் அது கறுப்பாக இராது, இளஞ்சிவப்பாக மங்கித் தெரியும், அதை நம்ப வேண்டாம். துடுப்பு குறுகத் தொடங்கியதாகச் சந்தேகம் வந்த கணமே அந்த மீனைத் தனி டப்புக்கு மாற்றுங்கள். ஒரே ஒரு ஆணைத் தவறவிட்டால் தொட்டியில் உள்ள எல்லாப் பெண்களும் சோதனைக்குப் பயனற்றுப் போகும்.

பிரித்த பெண்களை ஆறு வாரம் தனியாக வைத்திருங்கள். கர்ப்பம் மூன்றிலிருந்து நான்கு வாரம்தான். ஆறு வாரம் கடந்தும் குட்டி போடாத மீனைக் கன்னி என்று ஏற்கலாம். இன்னொரு கண்டிப்பு: ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரே ஆண். வேறு கலப்பு செய்ய வேண்டுமானால் அவளுடைய சகோதரியைப் பயன்படுத்துங்கள்.

படி 3: முதல் கலப்பு

இரண்டு ஜோடி போடுங்கள். ஒன்றில் ஆல்பினோ ஆணும் கருங்கண் பெண்ணும். மற்றதில் ஆல்பினோ பெண்ணும் கருங்கண் ஆணும். பத்து நாள் சேர்ந்திருந்தால் போதும், பிறகு ஆணை எடுத்துவிட்டு டப்பை மாஸால் நிரப்புங்கள். தாயே குஞ்சைத் தின்னும் என்பதால் பிரசவமான உடனே தாயையும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு ஜோடியிலும் குஞ்சுகள் எல்லாம் கருங்கண்ணாக இருக்க வேண்டும். காரணம் இது: ஒவ்வொரு மீனுக்கும் கண் நிறத்துக்கான மரபணு இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. நிறமி தரும் பிரதியை ‘நி’ என்றும், நிறமி தராத ஆல்பினோ பிரதியை ‘ஆ’ என்றும் எழுதுவோம். கருங்கண் பெற்றோர் நிநி, ஆல்பினோ பெற்றோர் ஆஆ. முட்டைக்கோ விந்துக்கோ போவது ஒரு பிரதி மட்டுமே. எனவே குஞ்சு எல்லாமே நிஆ. ஒரு ‘நி’ இருந்தாலே கண்ணுக்குத் தேவையான கறுப்பு நிறமி உருவாகிவிடுகிறது. அதனால் கறுப்பு ஓங்கு பண்பு, சிவப்பு ஒடுங்கு பண்பு. ஒடுங்கியது அழிவதில்லை, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒரு பிரதியை இப்படி மறைவாகச் சுமக்கும் உயிரைக் கேரியர் என்கிறோம்.

இரண்டு ஜோடியும் ஒரே விடை தருவது முக்கியம். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்களில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில்) இந்த மரபணு இல்லை என்பதற்கு அதுதான் சான்று.

இந்தத் தலைமுறையிலேயே சுமார் பாதிக் குஞ்சுக்குச் சிவப்புக் கண் வந்தால் பதறாதீர்கள். நீங்கள் வாங்கிய கருங்கண் மீனே கேரியர். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பாக வந்தால், பெண் கன்னியல்ல என்றோ வேறு தொட்டிக் குஞ்சு கலந்துவிட்டது என்றோ சந்தேகப்படுங்கள். வலையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டும், மாஸ் கொத்தோடும் குஞ்சு தொட்டி மாறுவது நாம் நினைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை வைத்துக்கொள்ளுங்கள். மாஸை மாற்றும் முன் வாளித் தண்ணீரில் உதறிப் பாருங்கள்.

எல்லாச் சேர்க்கையிலும் ஒரு பிரதி மற்றதை முழுக்க மறைத்துவிடும் என்றும் இல்லை. அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பாகப் பூக்கும். இளஞ்சிவப்புகளைத் தமக்குள் கலந்தால் சிவப்பு ஒரு பங்கு, இளஞ்சிவப்பு இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. சாயம் கலந்துபோனதாகத் தோன்றினாலும் பிரதிகள் தனித்தனியாகவே இருந்தன என்பது அந்த வெள்ளைப் பூவில் தெரியும்.

படி 4: இரண்டாம் தலைமுறை

முதல் தலைமுறைக் குஞ்சுகளையும் மூன்றாம் வாரத்தில் பிரித்து, மூன்று மாதம் ஆனதும் அண்ணன் தங்கைகளை மூன்று ஜோடியாகச் சேருங்கள். முதல் ஈற்றில் ஐந்து முதல் பதினைந்து குஞ்சுதான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஈற்றில் இருபது, நாற்பது என்று கூடும். எல்லா ஜோடியும் சேர்த்து அறுபதாவது எண்ண வேண்டும்.

நிஆ ஆணின் விந்தில் பாதி ‘நி’, பாதி ‘ஆ’. பெண்ணின் முட்டையிலும் அப்படியே. நான்கு விதமாகச் சேரலாம்: நிநி, நிஆ, ஆநி, ஆஆ. நான்குக்கும் சம வாய்ப்பு. முதல் மூன்றும் கருங்கண், கடைசி ஒன்று சிவப்பு. எனவே விகிதம் 3:1.

மரபு விதிகளைக் கண்டறிந்த துறவி மெண்டல் 1856 முதல் 1863 வரை, இன்றைய செக் நாட்டிலுள்ள ப்ர்னோ மடாலயத் தோட்டத்தில் பட்டாணியில் கண்டதும் இதுவே. 1866இல் அவர் அச்சிட்ட கணக்கில், இரண்டாம் தலைமுறை விதைகள் 7,324இல் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. அதாவது 2.96:1. ஏழாயிரம் எண்ணியும் சரியாக மூன்று வரவில்லை என்பதை மனத்தில் வையுங்கள். இருபது குஞ்சை எண்ணிவிட்டு “விதி பொய்” என்று முடிவு கட்டுபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த அன்றே எண்ணுங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணினால் சிவப்புக் கண் கட்டாயம் குறையும். நிறமியில்லாத கண்ணுக்கு வெளிச்சம் கூசும், பார்வையும் மந்தம். கருங்கண் குஞ்சுகள் பாய்ந்து தின்பதற்குள் ஆல்பினோ பட்டினி கிடந்து சாகும். எண்ணி முடித்ததும் சிவப்புக் கண்களைத் தனி டப்பில், மங்கிய வெளிச்சத்தில் விட்டு, தினமும் ஒரே மூலையில் தீனி போடுங்கள். முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர் மிக நல்லது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, விடாத காற்று, 28 டிகிரி வெப்பம் இருந்தால் ஒரு நாளில் பொரியும். மேலே மிதக்கும் கூட்டை நீக்கி, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே போட வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக.

எண்ணிக்கை விதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ‘கை வர்க்கம்’ (chi-square) என்ற புள்ளியியல் கணக்கு உண்டு. உதாரணத்துக்கு, 48 குஞ்சில் கருங்கண் 39, சிவப்பு 9 என்று கொள்வோம். எதிர்பார்த்தது 36, 12. வித்தியாசம் இரண்டிலும் 3. அதன் வர்க்கம் 9. 9ஐ 36ஆல் வகுத்தால் 0.25, 12ஆல் வகுத்தால் 0.75. கூட்டினால் 1.0. இரண்டே வகை உள்ள சோதனையில் இந்த எண் 3.84க்குக் கீழே இருக்கும்வரை 3:1 என்பதைக் கைவிடக் காரணமில்லை. தாண்டினால் முதலில் எண்ணிய நாளையும் கன்னிப் பெண் பதிவையும் சரிபாருங்கள்.

படி 5: கேரியரைக் கண்டுபிடிக்கும் கலப்பு

இரண்டாம் தலைமுறைக் கருங்கண்களில் மூன்றில் ஒன்று நிநி, மூன்றில் இரண்டு நிஆ. லென்ஸ் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. குஞ்சுகள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த மீனை ஓர் ஆல்பினோவோடு சேருங்கள். ஒரே ஒரு சிவப்புக் கண் குஞ்சு பிறந்தாலும் அது கேரியர் என்பது உறுதி.

சிவப்பே பிறக்காவிட்டால்? கேரியராக இருந்தும் அதிர்ஷ்டவசமாக ஏழு குஞ்சும் கறுப்பாகவே வரும் வாய்ப்பு 128இல் ஒன்று. ஐந்து குஞ்சென்றால் 32இல் ஒன்று. ஆகவே ஏழெட்டுக் குஞ்சு பார்த்தபின் ‘நிநி’ என்று நோட்டில் எழுதலாம். ஆல்பினோவுக்குப் பதில் இன்னொரு கேரியரோடு சேர்த்துச் சோதித்தால் இதே உறுதிக்குப் பதினாறு பதினேழு குஞ்சாவது வேண்டும். நல்ல வரிசையை, அதாவது பண்பு மாறாமல் தொடரும் மீன் வம்சத்தை, விலைக்கு விற்கிறவர்களுக்கு இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

படி 6: இரண்டு மரபணு ஒரே நேரத்தில்

வெளிறிய உடல் கொண்ட கப்பியில் ‘ப்ளாண்ட்’, ‘கோல்டு’ என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒடுங்கு பண்பு, ஆனால் வெவ்வேறு மரபணு. கடைகளில் இரண்டையும் கோல்டு என்றே விற்பார்கள். லென்ஸில் பிரித்துவிடலாம். கோல்டில் கறுப்பு நிறமிச் செல்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அளவில் பெரியவை. செதில் ஓரம் வலைபோலத் தெரியும். ப்ளாண்டில் செல்கள் நிறைய இருக்கும், எல்லாம் தூசியளவு.

இரண்டையும் சேர்த்தால் குஞ்சு எல்லாம் சாதாரணச் சாம்பல் உடலோடு பிறக்கும். வெளிறிய இரண்டு மீனுக்குச் சாம்பல் குஞ்சா என்று திகைப்பார்கள். ப்ளாண்டிடம் இல்லாததைக் கோல்டு கொடுக்கிறது, கோல்டிடம் இல்லாததை ப்ளாண்ட் கொடுக்கிறது. குஞ்சும் வெளிறியே பிறந்தால் நீங்கள் வாங்கியது இரண்டுமே ஒரே வகை.

சாம்பல் குஞ்சுகளைத் தமக்குள் கலந்தால் 9:3:3:1. 64 குஞ்சில் சாம்பல் 36, ப்ளாண்ட் 12, கோல்டு 12, இரண்டும் சேர்ந்த ‘க்ரீம்’ 4 எதிர்பார்க்கலாம். உடல் நிறத்தைக் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்த பிறகே நிச்சயமாகப் பிரிக்க முடியும் என்பதால் நடுவில் சாகும் குஞ்சுகள் கணக்கைச் சாய்க்கும். நூறு குஞ்சுக்குக் குறையாமல் வளர்த்தெடுங்கள். இந்த விகிதம் வருவது இரண்டு மரபணுக்களும் ஒன்றையொன்று சாராமல் பிரிவதால். ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே பயணிக்கும், அங்கே இந்த விகிதம் பொருந்தாது. கப்பிக்கும் மனிதனைப் போலவே குரோமோசோம் 23 ஜோடி.

படி 7: தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும்

ஒய் குரோமோசோம் வழியாகப் பண்பு கடப்பதை 1920இல் கப்பியில்தான் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் விளக்கினார். ஆணுக்கு எக்ஸ், ஒய். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ‘கோப்ரா’ பாம்புத்தோல் வரி பெரும்பாலான வரிசைகளில் ஒய்யில் இருக்கிறது.

கோப்ரா ஆணை வரியில்லாத வரிசையின் கன்னிப் பெண்ணோடு சேருங்கள். மகன்கள் எல்லாருக்கும் வரி வரும். பிறகு கோப்ரா வரிசையில் பிறந்த கன்னிப் பெண்ணை வரியில்லாத ஆணோடு சேருங்கள். ஒரு மகனுக்கும் வரக் கூடாது. இரண்டாவது கலப்பைச் செய்யாமல் ஒய் என்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் பெண்ணில் வெளியே தெரியாத வண்ணம் எக்ஸிலும் இருக்கலாம். இரண்டாவதிலும் வரியுள்ள மகன்கள் பிறந்தால் உங்கள் வரிசையில் அது எக்ஸிலும் ஏறியிருக்கிறது. கப்பியின் எக்ஸும் ஒய்யும் எப்போதாவது துண்டுகளை மாற்றிக்கொள்ளும்.

படி 8: வரிசையைக் கெடாமல் வைத்திருப்பது

நல்ல நிறத்தை நிலைநிறுத்த அண்ணன் தங்கையையே தொடர்ந்து சேர்ப்பது வழக்கம். இதில் ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு ஏறும்: முதல் முறை 25 சதவீதம், அடுத்து 37.5, அடுத்து 50, நான்காவதில் 59 சதவீதத்துக்கு மேல். அதாவது அத்தனை சதவீத மரபணுக்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. நிறத்தோடு சேர்ந்து, மறைந்திருந்த குறைகளும் வெளியே வரும்: வளைந்த முதுகு, ஓர் ஈற்றில் குறைந்த குஞ்சுகள், நோய்க்கு உடனே விழுவது. ஒரே வகையில் இரண்டு வரிசை தனித்தனியாக வைத்து, மூன்று நான்கு தலைமுறைக்கு ஒரு முறை ஒன்றின் ஆணை மற்றதன் பெண்ணோடு சேருங்கள். முதுகு வளைந்ததை நிறத்துக்காக வைத்துக்கொள்ளவே கூடாது.

மிஞ்சும் மீன்களை ரெட்டேரியிலோ கோயில் குளத்திலோ விட வேண்டாம். அவை அங்கே பெருகி, நம் ஊர்ச் சிறு மீன்களின் இடத்தையும் இரையையும் பறிக்கும்.

இதே கணக்கு வீட்டுக்குள்

மனிதரில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயும் ஆல்பினோ கண்ணைப் போல ஒடுங்கு முறையில்தான் கடக்கிறது. பெற்றோர் இருவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம், கேரியர் 50, இரண்டுமில்லாதது 25. “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது” என்று சொல்லித் தேற்றுகிறார்கள். அது தவறு, அந்த நம்பிக்கையில் பல குடும்பங்கள் துயரப்படுகின்றன. ஒவ்வொரு கர்ப்பமும் புதிய கணக்கு.

சொந்தத்தில் மணம் முடிக்கும்போது எண் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மாப்பிள்ளை கேரியர். பெண் அக்கா மகள் என்றால், அவளும் அதே பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 16இல் ஒன்று. மாமன் மகள் என்றால் சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. நோய் 32இல் ஒன்று. உறவில்லாத பெண், அவளுடைய சமூகத்தில் 50 பேரில் ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொண்டால், 200இல் ஒன்று. சொந்தம் என்பதே நோய் அல்ல. குடும்பத்தில் ஒரே பிரதி இரு பக்கமும் இறங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அதுதான் விஷயம்.

தொட்டியில் செய்ததுபோல இங்கே சோதனைக் கலப்பு செய்ய முடியாது, தேவையும் இல்லை. எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனை ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும். ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக பீட்டா தலசீமியா கேரியர். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவைத் தாழ்த்திக் காட்டலாம், ஆகவே ரத்தசோகை இருப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிச்சயத்துக்கு முன்பே இருவரும் எடுத்துக்கொள்வது நல்லது. கர்ப்பம் ஆன பிறகு தெரியவந்தால், முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மரபியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைச் சோதிப்பது பொதுவாக 11ஆம் வாரத்திலிருந்து 13ஆம் வாரத்துக்குள்.